அனுப்பாத சம்மதம்

என் அண்ணன் இத்ரீஸுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. வீட்டுக்கு வந்தவரின் முகத்துக்கு நேராக மறுப்பது எங்கள் மொரோக்கோக்காரர்களில் அநேகம் பேருக்கு வராது என்றாலும், இவர் அதில் பெரிய கை. புதினாத் தேநீரை உயரத்திலிருந்து நுரை பொங்க ஊற்றுவார், பாதாம் பிஸ்கட் தட்டை முன்னால் நகர்த்துவார், “இன்ஷா அல்லாஹ், பாக்கலாம்” என்பார். வந்தவர் சந்தோஷமாக மாடியிறங்கி, பஸ் ஏறி, பாதி வழி போன பிறகுதான் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவருக்கு உறைக்கும்.

அண்ணன் மகள் நவாலுக்கும் அதே தேநீர்தான் கிடைத்தது. குளிர்காலத்தில் ஒருநாள் அவள் நேராக வந்து உட்கார்ந்து, “அத்தா, நான் தெம்பாவைக் கட்டிக்கிறேன். ஆனா நீங்க கை பிடிச்சுக் குடுக்காம கட்டிக்க மாட்டேன்” என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தெம்பா மாலியிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், தெருவுக்கு அந்தப் பக்கக் கட்டடத்தில் பிறந்து வளர்ந்தவன், லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்ட் வருஷத்தில் பாதி நாள் செத்துக் கிடக்கும். அது வேறு கம்பெனியின் பொறுப்பு என்று பாவம் அவன் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான். தகப்பன் சம்மதமில்லாமல் எங்களில் பெண்ணுக்கு நிக்காஹ் கிடையாது. நவால் நினைத்தால் நகராட்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவள் அப்படிப் போகிறவள் இல்லை. அண்ணன் அவள் தலையைத் தடவி, “பாக்கலாம்மா” என்றார். நான்கு மாதம் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

என்னிடம் சமையலறையில் பேசும்போது மட்டும் வேறு வாய். அண்ணி இறந்ததிலிருந்து நான்தான் அந்த வீட்டில் இருக்கிறேன். காலையில் பாரிஸை ஒட்டிய ஓபர்வில்லியே சந்தையில் ஆலிவும் புதினாவும் விற்பேன், மத்தியானம் வந்து இவர் புலம்பலைக் கேட்பேன்.

“பள்ளிவாசல்ல என் பக்கத்துல நிக்கட்டும், தோளோட தோள் ஒட்டி நிக்கட்டும். வேணாம்னா சொன்னேன்? அதுக்காகப் பொண்ணைத் தூக்கிக் குடுத்துட முடியுமா?”

“பையன் தங்கமான பையன் அண்ணே.”

“தங்கமா இருந்தா அவங்க ஆளுங்களுக்குள்ளயே ஜொலிக்கட்டும்.”

நான் பெரிய மனசுக்காரி என்று சொல்லவில்லை. அந்தப் பையனைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் பேட்டையில் இந்தப் பிரிவினை ஒரு பைத்தியக்காரத்தனம். போலீஸ்காரன் சுவரோரம் நிறுத்திச் சோதனை போடும்போது எங்கள் பையன்களையும் அவர்கள் பையன்களையும் பிரித்துப் பார்ப்பதில்லை. சுவரை விட்டு வந்ததும் நாங்களே பிரிந்துகொள்வோம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை தெம்பா வீட்டிலிருந்து ஆள் வந்தது. தெனேன் என்ற பாட்டுக்கார அம்மாளும், கூட ஒரு பெரியவரும். அவர்களில் பாட்டுக்காரக் குடும்பம் என்று தனியாக உண்டு. யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாக நெஞ்சில் வைத்துப் பாடுவதும், கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு போவதும் அவர்கள் வேலை. ஒன்பது மாடி ஏறி வந்ததில் தெனேனுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்து, இலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள்.

“இது எங்க வாய்,” என்றாள். “திரும்பி வந்தாலும் எங்களுக்குப் புரியும். வராட்டியும் புரியும்.”

அண்ணன் அதை ஏதோ மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். தேநீர் வந்தது. பிஸ்கட் வந்தது. பிலாலும் வந்தார். கறுப்பர் யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் எங்கள் ஆண்கள் தவறாமல் நபித்தோழர், கறுப்பரான பிலாலைப் பேச்சுக்குள் அழைத்துக்கொள்வார்கள்.

“நபிகளுக்காக முதல் பாங்கு சொன்னவரு யாரு? பிலால்! நமக்குள்ள என்ன வித்தியாசம் இருக்கு, சொல்லுங்க?”

தெனேன் சிரித்தாள். மூன்றாவது தம்ளர் வரைக்கும் குடித்துவிட்டு எழுந்தாள். அண்ணன் வாசல்வரை போய், “இன்ஷா அல்லாஹ்” சொல்லி அனுப்பினார்.

கதவு மூடியதும் பொட்டலத்தைப் பிரித்தார். கோலாக் கொட்டை. கொட்டைப்பாக்கைவிடப் பெரிது, சில சிவப்பு, சில வெள்ளை. எடுத்து முகர்ந்து முகத்தைச் சுளித்தார். “எது குடுக்குறதுன்னு ஒரு விவஸ்தை வேணாம்? எடுத்துட்டுப் போய்க் கீழ அவனுங்களுக்கே குடுத்துத் தொல” என்றார். ‘அவனுங்க’ என்று அவர் சொல்லவில்லை. கறுப்பர்களைச் சொல்ல எங்கள் பேச்சில் ஒரு வார்த்தை இருக்கிறது. பால்குடி மறக்கும் முன்னே எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பொட்டலத்தை ஒரு சூப்பர்மார்க்கெட் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். தெருவைத் தாண்டினால் ஆப்பிரிக்கத் தொழிலாளர் விடுதி. வாசல் பெஞ்சில் எப்போதும் நாலைந்து கிழவர்கள் வெயில் காய்வார்கள். நடுவில் ஃபோதே, எல்லோரிலும் மூத்தவர், கண்ணில் புரை விழுந்தவர். பையை அவர் மடியில் வைத்தேன். கையை உள்ளே விட்டவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

“யாரும்மா குடுத்தது?”

“ஒம்பதாவது மாடி இத்ரீஸ். என் அண்ணன்.”

“அவருக்கு எங்கேருந்து வந்தது?”

“தெம்பா வீட்லேருந்து.”

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபோதே மெதுவாகக் கேட்டார்: “உன் அண்ணனுக்குச் சந்தோஷம்தானா?”

அப்படிக் கேட்டால் எங்களில் யாராவது இல்லை என்பார்களா? வீடு பற்றி எரிந்தாலும் சந்தோஷம் என்றுதானே வாயில் வரும்! “அல்ஹம்துலில்லாஹ், ரொம்பச் சந்தோஷம்” என்றேன்.

அவர்கள் எழுந்தார்கள். கைத்தடி பிடித்தவர்களும் தடியைச் சாய்த்துவைத்துவிட்டு எழுந்தார்கள். கையேந்தி, ஃபோதே துஆ கேட்கக் கேட்க, மற்றவர்கள் ஆமீன் சொன்னார்கள். உள்ளேயிருந்து ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். ஒவ்வொரு கொட்டையையும் நகத்தால் கீறி, பிளந்து, துண்டு துண்டாக்கி, சமையற்கட்டில் நின்றவர்களுக்கு, இரவு வேலை முடிந்து தூங்கியவர்களுக்கு, எல்லோருக்கும் கொடுத்தனுப்பினார்கள். ஒரு கொட்டைக்கு இவ்வளவா என்று நினைத்தேன். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

சாயங்காலம் நவால் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, “பொட்டலம் எங்க மாமி?” என்றாள். சொன்னேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“பிரிச்சு எல்லாருக்கும் குடுத்தாங்களா? துஆ கேட்டாங்களா?”

“ஆமாண்டி, கேட்டாங்க. என்ன இப்போ?”

“அதான் மாமி சம்மதம்! வேணாம்னா கொட்டையைத் திருப்பி அனுப்பணும். சரின்னா ஊருக்குப் பிரிச்சுக் குடுக்கணும். தின்னவங்க எல்லாரும் சாட்சி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, தெரியுமா?”

சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான், மறுத்தே பழகாத மனுஷன், கடைசியில் தன்னை அறியாமல் சம்மதித்துவிட்டாரே! பிறகு பார்த்தால் அவள் முகம் நனைந்திருந்தது.

“அத்தா என்ன சொல்லிக் குடுத்தனுப்புனாரு? அப்படியே சொல்லு.”

அந்த வார்த்தையையும் சேர்த்துச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

“இது எனக்கு வேணாம் மாமி. காறித் துப்புனது போய்ப் பன்னீராத் தெறிச்சிருக்கு. இத வச்சு நான் கல்யாணம் பண்ண மாட்டேன்.” என் எதிரிலேயே தெம்பாவுக்குப் போன் போட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் முழுதும் கேட்டுக்கொண்டான். கடைசியில், “வீட்ல சொல்லிடுறேன்” என்றான்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அண்ணனிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அறைக்குள்ளேயே கிடந்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். அண்ணன், “இவளுக்கு என்னாச்சு?” என்று என்னைக் கேட்டார். வேலை அலுப்பாயிருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்தக் குரல் கேட்டது.

கீழே, படிக்கட்டின் அடியிலிருந்து வந்தது. தெனேன் பாடிக்கொண்டு ஏறுகிறாள். மைக் இல்லை, மேளம் இல்லை. அல்லாவே, மனுஷ நெஞ்சிலிருந்து அப்படி ஒரு குரல் வருமா! அந்தக் கட்டடத்தில் நான் குழந்தை அழுகை கேட்டிருக்கிறேன், புருஷன் பெண்டாட்டி சண்டை கேட்டிருக்கிறேன், போலீஸ் கதவை இடிப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் காரைச் சுவர்கள் திருப்பிப் பாடி அன்றைக்குத்தான் கேட்டேன். மாடிக்கு மாடி கதவுகள் திறக்கும் சத்தம். தொலைக்காட்சிகள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் அவளுடைய பாஷை. பிறகு நடுவே எங்கள் பெயர்கள்.

“இத்ரீஸ்! அப்துஸ்ஸலாமின் மகன் இத்ரீஸ்!”

ஒரு மாடிக்கு ஒரு தலைமுறை. “அப்துஸ்ஸலாம், ஹம்மூவின் மகன்! ஹம்மூ, ஆடு மேய்த்த யஹ்யாவின் மகன்!” எங்கள் முப்பாட்டனார் ஆடு மேய்த்தார், வேறொன்றும் சாதிக்கவில்லை. அந்த ஆடு மேய்த்தவரின் பெயரைச் சுல்தான் பெயர்போல அவள் தூக்கி நிறுத்தினாள். எனக்குக் கண்ணீர் கொட்டியது, ஏன் என்று தெரியவில்லை. எங்கள் வாப்பா இறந்த பிறகு அவர் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லிக்கூட நான் கேட்டதில்லை.

“யஹ்யா பேரு இந்தப் பொம்பளைக்கு எப்படித் தெரியும்?” என்றார் அண்ணன். முகம் வெளுத்திருந்தது.

“நான்தான் சொன்னேன்,” என்றாள் நவால், அறை வாசலில் நின்றபடி. “போன வருஷமே எழுதி வாங்கிட்டுப் போனாங்க. ஆனா இன்னிக்கு ஏன் வர்றாங்கன்னு எனக்குத் தெரியாது அத்தா. சத்தியமாத் தெரியாது.”

அண்ணன் என்னைப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? கொட்டையை, பெஞ்சை, துஆவை, நான் சொன்ன ‘ரொம்பச் சந்தோஷத்தை’ எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் நேரே போய்க் கதவைத் திறந்தார். படிக்கட்டு கண்ணுக்கெட்டியவரை ஜனம். நீலமும் மஞ்சளுமாய் விறைத்து நிற்கும் நல்ல நாள் உடுப்புகள். முன்னால் தெனேன், பக்கத்தில் தெம்பாவின் தாய் மைமூனா, நெட்டையாக, நிமிர்ந்து. பின்னால் தெம்பா.

“நிறுத்துங்க!” என்றார் அண்ணன். பாட்டு நின்றது. “நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. அந்தக் கொட்டையை நான் சம்மதிச்சுக் குடுத்தனுப்பல. அது என்னன்னே எனக்குத் தெரியாது. கீழ இருக்குற...” நின்றார். என் அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக, வந்தவர் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ‘வேணாம்ணே’ என்று மனசுக்குள் கத்தினேன். “...ங்களுக்குக் குடுத்துத் தொலன்னுதான் சொன்னேன்.”

அந்த வார்த்தையைச் சொன்னார். ஒன்பது மாடிப் படிக்கட்டும் அதைக் கேட்டது. பின்னாலிருந்த இளவட்டங்கள் முன்னே பாய, தெம்பா கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தான்.

“தெரியும்,” என்றாள் மைமூனா.

“என்ன தெரியும்?”

“எல்லாம் தெரியும். அன்னிக்கே பையன் வந்து சொல்லிட்டான், அந்த வார்த்தையோட. கோலாவோட மதிப்புத் தெரிஞ்சவன் எவனாவது அதை சூப்பர்மார்க்கெட் பையில போட்டுக் குடுப்பானா?”

“தெரிஞ்சுமா வந்தீங்க?” என்று நான் கேட்டுவிட்டேன். என்னால் அடக்க முடியவில்லை.

“தெரிஞ்சதுனாலதான் வந்தேன். தின்ன கொட்டையை அத்தனை பேரு வயித்துலேருந்து நான் எடுக்க முடியாது, கேட்ட துஆவையும் எடுக்க முடியாது. அதுக்கு ஒரு பதில் வேணும். இவர் வாயால வேணும். இன்ஷா அல்லாஹ் வேணாம், பாக்கலாம் வேணாம். முப்பது வருஷமா உங்க வீடுகள்ல தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சு எங்களுக்கு நாக்கு வெந்துடுச்சு.” அண்ணனைப் பார்த்தாள். “நான் மட்டும் ஆசை ஆசையாவா வந்தேன்னு நினைக்கிறீங்க? நம்ம பாட்டன்மாரை அடிமையாக் கயித்துல கட்டிப் பாலைவனத்துல நடத்திக் கூட்டிட்டுப் போனவங்க வீட்லயா பொண்ணெடுக்கிறேன்னு என் தங்கச்சி போன்ல கத்துறா. நானும் அழுதுட்டுத்தான் கொட்டை கட்டினேன். ஆனா கட்டினேன்.”

அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல், “காபிக்கடையில எங்க ஆளுங்க என்ன சொல்லுவானுங்கன்னு... பேரப்பிள்ளை கறுப்பா... தூக்கிட்டுப் போனா...” என்றார். முடிக்கவில்லை. அதைச் சொல்லி முடிக்க அவருக்கே வெட்கமாயிருந்தது என்று நினைக்கிறேன்.

இதுவரை பேசாத தெனேன் இப்போது பேசினாள். பாட்டில்லை, சும்மா பேச்சு.

“அன்னிக்கு பிலாலைப் பத்திச் சொன்னீங்களே. அந்த பிலாலே வந்து இந்த வாசல்ல நின்னு உங்க பொண்ணைக் கேட்டிருந்தா? அவருக்கும் தேத்தண்ணிதானா?”

நானும் வெள்ளிக்கிழமைகளில் எத்தனையோ குத்பா கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அண்ணன் மெல்ல நவாலைத் திரும்பிப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை.

“இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க அத்தா. நான் உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன். ஆனா தேத்தண்ணி மட்டும் ஊத்தாதீங்க.”

அண்ணன் வீட்டுச் செருப்போடு வாசற்படியைத் தாண்டினார். முதலில் யாருக்கும் புரியவில்லை. அவர் இறங்க ஆரம்பித்தார். கார்த் தொழிற்சாலையில் தேய்ந்துபோன முழங்கால். கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினார். ஜனங்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். எங்களில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் முதலில் அடியெடுத்து வைப்பது கிடையாது. அவர்கள் வரவேண்டும், இவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மனுஷன் அந்தக் கூட்டத்துக்கு நடுவே தனியாக இறங்கிப் போவதைப் பார்த்து நானும் நவாலும் பின்னாலேயே இறங்கினோம். தெனேன் பாடவில்லை, செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பாதி வழியில் மைமூனா என் காதருகே சொன்னாள்: “இவர் என்ன சொன்னாலும் சரி, அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன். கல்யாணத்துக்கு வருவேன், சிரிப்பேன், மறக்க மாட்டேன்.”

“மறக்காதீங்க,” என்றேன். வேறென்ன சொல்ல?

தெருவைத் தாண்டினார். மாடியேற முடியாத கிழவர்கள் அந்த பெஞ்சிலேயே இருந்தார்கள். ஃபோதே எதிரே போய் நின்றார். மைமூனா தெருவின் இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போகவில்லை. நானும் நவாலும் மட்டும் அண்ணன் பின்னால்.

“பெரியவரே, நான் இத்ரீஸ். அன்னிக்கு என் தங்கச்சி கொண்டாந்து குடுத்தது என் சம்மதம் இல்ல. உங்களைக் கேவலமாச் சொல்லி, குடுத்துத் தொலன்னு அனுப்பினேன். நீங்க எந்திரிச்சு நின்னு எம்பொண்ணுக்கு துஆ கேட்டிருக்கீங்க.” குரல் உடைந்தது. நிறுத்திக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தார். “இப்போ நானா வந்திருக்கேன். எம்பொண்ணு நவாலை தெம்பாவுக்குக் குடுக்கிறேன். நீங்கதான் சாட்சி. வேணும்னா திரும்ப ஒருக்கா துஆ கேளுங்க.”

நவாலின் விரல்கள் என் கையை நொறுக்கின.

ஃபோதே புரை விழுந்த கண்ணை அந்தக் குரல் வந்த பக்கம் திருப்பினார். பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்து நகரச் சொல்லிவிட்டு, பெஞ்சில் காலியான இடத்தைத் தட்டினார்.

“நாங்க கேட்டது அன்னிக்கே போய்ச் சேந்துடுச்சு தம்பி,” என்றார். “நீதான் லேட்டு. உக்காரு.”